அந்தக் கைகள் பிடித்தது உளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளி மாணவர்கள் மின்கிட்டார் செய்வதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். வடசென்னைக்கு வந்து பார்த்து எழுதியதற்கு நன்றி. நன்றியோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன், முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. 'கத்தி பிடிக்க வேண்டிய கைகளில் கிட்டார்' என்று ஆரம்பிக்கிறது. கத்தி பிடிக்க வேண்டிய கைகள் என்று யார் ஐயா உங்களுக்குச் சொன்னது?

சனிக்கிழமைதோறும் அந்தக் கைகளோடு இருப்பவன் நான். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருடம் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வியாசர்பாடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது, பதினொன்றாவது படிக்கும் 14 பிள்ளைகளுக்கு மூன்று வருடமாக இதைச் சொல்லித் தருகிறேன். அந்தக் கைகள் பிடிப்பது உளி, இழைப்புளி, அரம், சால்டரிங் அயர்ன்.

உங்கள் நிருபர் வந்த அன்று ஒரு பையன் விரல்பலகையில் ஃப்ரெட்டுக்கு, அதாவது ஸ்வரங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டைகளுக்கு, கோடு போட்டுக்கொண்டிருந்தான். கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817 என்கிற, ஃப்ரெட் கணக்கின் மாறாத எண்ணால் வகுத்தால் 36.37. முதல் ஃப்ரெட் அங்கே. மீதி நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் மிகச் சரியாகப் பாதியில், 324-இல் வந்து நிற்க வேண்டும். முந்தின வாரம் அவனுக்கு 326-இல் வந்தது. கணக்கு சரி, அளந்த விதம் தப்பு. ஒவ்வொரு கோட்டையும் அதற்கு முந்தைய கோட்டிலிருந்து அளந்திருந்தான். கோட்டுக்குக் கோடு பென்சில் முனை அளவு பிசகி, கடைசியில் இரண்டு மில்லிமீட்டர். அந்தப் பலகையில் எந்த ஸ்வரமும் சுருதியில் நிற்காது. தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதுப் பலகையில் எல்லாக் கோட்டையும் நட்டிலிருந்தே, அதாவது கம்பி ஆரம்பிக்கும் முனையிலிருந்தே, அளந்து போட்டுக்கொண்டிருந்தான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்ற பையன் அவன். அவன் படத்துக்குக் கீழே 'படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு மறுவாழ்வு' என்று போட்டிருக்கிறீர்கள். அவன் பாட்டி யாரிடமோ கொடுத்து அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மரத்தைக் 'குப்பைக் கட்டை' என்று எழுதியிருக்கிறீர்கள். ராயபுரத்தில் இடித்த ஒரு வீட்டின் தேக்கு நிலை அது. அறுபது, எழுபது வருடம் காய்ந்த மரம் இனி லேசில் முறுக்காது, வெடிக்காது. பச்சை மரத்தில் கிட்டார் செய்தால் ஒரு கோடைக்குள் நெக், அதாவது அதன் கழுத்து, வளைந்துவிடும். இதைத் தேடி நான் எத்தனை பழைய மரக்கடை ஏறி இறங்கினேன் என்று நிருபர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இங்கிலாந்தின் குயின் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் பிரையன் மே கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1963-இல், பதினாறு வயதில், அப்பாவும் அவருமாகச் சேர்ந்து கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். நெக்குக்குப் பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டம், உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், விரல்பலகைப் புள்ளிகளுக்குச் சிப்பிப் பொத்தான். சட்டத்தில் இருந்த பூச்சி துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குப்பைக் கட்டை என்று எழுதுவதில்லை. பெயர்பெற்ற ஃபெண்டர் மின்கிட்டார்களை உருவாக்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. அவரை யாரும் மறுவாழ்வு பெற்றவர் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மின்கிட்டார் செய்யக் கற்றுத்தரும் திட்டத்துக்கு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தந்திருக்கிறது. அங்கே அதை அறிவியல், கணக்குப் பாடமாகத்தான் பார்க்கிறார்கள்.

கிட்டாரே எங்கள் பக்கத்துக்குப் புதிது என்பதுபோலவும் எழுதியிருக்கிறீர்கள். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிட்டார் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அப்ரண்டிஸாக இருந்தபோது எங்கள் சார்ஜ்மேன் ஒருவர், கழுத்து ஒடிந்த கிட்டாரை என் கையில் கொடுத்து, "மரவேலை தெரியும்ல, ஒட்டிக் குடுப்பா" என்றார். ஒட்டிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர் அதில் வாசித்ததை வாசலில் நின்று கேட்டேன். நான் இதைக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

எண்ணூரில் எண்ணெய் கசிந்தால் எங்கள் பக்கம் வருகிறீர்கள். வெட்டு, குத்து என்றால் வருகிறீர்கள். வெள்ளம் வந்தால் படகில் வருகிறீர்கள். மற்ற நாளில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களை நீங்கள் வெளியிடவில்லை, அது போகட்டும். என் மகன் இன்ஜினியரிங் முடித்து வேலைக்கு விண்ணப்பித்தபோது முகவரியில் வியாசர்பாடி என்று எழுதாமல் பெரம்பூர் என்று எழுதினான். ஏன்டா என்றேன். "வியாசர்பாடின்னா கூப்பிட மாட்டாங்கப்பா" என்றான். உங்கள் முதல் வரியைப் படித்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

பள்ளிகளையும் சொல்லத்தான் வேண்டும். 1978-இல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. இன்று அதில் சேருகிற பிள்ளையை வீட்டிலும் மதிப்பதில்லை, பள்ளியிலும் மதிப்பதில்லை. நாங்கள் படித்த காலத்துக் கைத்தொழில் பீரியட், பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும், இப்போது அந்த பீரியடே இல்லை. ஒரு பழைய டிரில்லிங் மெஷின் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தேன். "இதெல்லாம் இந்தப் பசங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். உங்கள் வரியும் அவர் கேள்வியும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

இப்போது என் வேண்டுகோள். நீங்கள் வெளியிட்ட படத்தின் இடது ஓரத்தை வெட்டியிருக்கிறீர்கள். அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பிக்கப்பை அந்தக் கிட்டாருக்குச் சுற்றியவள் அவள். ஆறு காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடி கனத்தில் 46 கேஜ் செம்புக் கம்பி, 8,000 சுற்று. பழைய தையல் மெஷின் மோட்டாரில் சுற்றினாள். கணக்கு வைக்க ஒரு கால்குலேட்டரில் ஒன்று கூட்டல் ஒன்று தட்டி, சமம் பொத்தானுக்கு ஒயர் இழுத்து, மோட்டார் சுற்றும்போதெல்லாம் எண் ஒன்று ஏறும்படி செய்திருந்தாள். முதல் முறை ஐயாயிரத்துச் சொச்சத்தில் கம்பி அறுந்தது. முழுவதையும் பிரித்துப் போட்டு மறுபடி சுற்றினாள். மூன்றாவது சனிக்கிழமை மல்டிமீட்டர் 5.9 கிலோ ஓம் காட்டியது. உருக்கிய மெழுகில் முக்கி எடுத்து, ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, மேலே ஒரு கம்பியைக் கட்டித் தட்டினோம். சத்தம் வந்தது. காந்தப்புலம் மாறினால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்ததை அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் காதால் கேட்டாள்.

அடுத்த இதழில் அந்தப் படத்தை வெட்டாமல் போடுங்கள். 'பிக்கப் சுற்றியவர், ஃப்ரெட் அளந்தவர்' என்று கீழே எழுதினால் போதும். இணையத்தில் இருக்கும் முதல் வரியை எடுத்துவிடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். உங்கள் இதழை ஆறு பிரதி வாங்கிக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் பக்கத்தைப் பிரித்து, படத்தின் ஓரத்தில் தெரிகிற முழங்கையைக் காட்டி, "இது என் பொண்ணு" என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை