பட்டையா, பலகையா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் தேறி, மறுபடி துடுப்புப் பிடிக்கும் ஆசை வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் படத்தில் பார்த்த, ஒல்லியாக அறுத்த மரப் பட்டைகளை ஒட்டிச் செய்யும் அந்தப் பட்டைப் படகையேதான் கட்டுவேன் என்கிறாயே, அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

அழகு என்று பார்த்தால் அதற்கு முன்னால் எதுவும் நிற்காது. 6 மி.மீ. கனமுள்ள ஒல்லிப் பட்டைகளை அச்சுகளின் மேல் ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டி, உள்ளும் புறமும் ஃபைபர் கிளாஸ் துணி போர்த்தி எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பூச வேண்டும். பசை காயும்வரை காத்திருந்து அடுத்த பட்டை. எல்லாம் ஏறியபின் தேய்ப்பு. வெளிப்பக்கமாவது பரவாயில்லை, உள்பக்கம் தேய்ப்பது குடத்துக்குள் கையை விட்டுத் துலக்குகிற மாதிரி. உன் பொறுமை எனக்குத் தெரியும். நீ பாதியில் விட்ட ரேடியோ இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

நான் கட்டியது தையல் முறையில். பிளைவுட்டை அளவாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்க முறுக்க, தரையில் சப்பையாகக் கிடந்த பலகைகள் எழுந்து படகாக நிற்கும். அந்த ஒரு மத்தியானத்துக்காகவே இன்னொன்று கட்டலாம். இங்கிலாந்தில் 1963-இல் வந்த மிரர் பாய்மரப் படகுதான் இந்த முறையைப் பரப்பியது. 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். தைத்த மூலைகளில், மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியைக் கரண்டி முதுகால் இழுத்துவிட்டு, மேலே கிளாஸ் நாடாவைப் படியவைத்தால் போதும். வங்குக் கட்டைகள், அதாவது படகுக்குள் விலா எலும்பு மாதிரி வைக்கும் சட்டங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

ஒரு தடவை எப்பாக்ஸியைக் கலந்து டப்பாவிலேயே வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் டப்பா புகைகிறது! கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடு, சூடு ஏறாது. மலிவென்று பாலியெஸ்டர் ரெசின் பக்கம் மட்டும் போகாதே. மரத்தை அது சரியாகப் பிடிக்காது, நாளாவட்டத்தில் தோலாக உரியும்.

ஆனால் என் படகு அழுகியது மூட்டில் இல்லை. துடுப்பு வளையம் பொருத்திய நாலு திருகுத் துளைகளில். துளை போட்டேன், திருகினேன், உள்ளே எதுவும் பூசவில்லை. இரண்டாம் வருஷம் திருப்புளியை வைத்து அழுத்தினால், நனைந்த அட்டையில் போவது போல உள்ளே போனது. இப்போதெல்லாம் துளையைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் அடைத்து, காய்ந்தபின் நடுவில் மறுபடி துளைக்கிறேன். வெட்டிய ஓரங்களுக்கும் மூன்று கோட். தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

பிளைவுட் வாங்கும்போது ஓரத்தைப் பார். அடுக்குகளுக்குள் ஓட்டை தெரிந்தால் வேண்டாம். ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் காயப்போடு. பிரிந்தால் அலமாரிக்குத்தான் ஆகும்.

சரி, உன் முழங்காலுக்கு வருவோம். 6 மி.மீ. பலகையில் கட்டினால், தண்ணீர் வரை தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டும். தனியாகத்தான் போவேன் என்றால் 4 மி.மீ. எடு, அடியில் மட்டும் வெளியே கிளாஸ் துணி போடு. இன்னும் லேசாக வேண்டுமென்றால் துணிப் படகு இருக்கிறது: மெல்லிய மரச்சட்டங்களை நூலால் கட்டி, நைலான் துணியை இழுத்துத் தைத்துப் பெயிண்ட் அடிப்பது. தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். கூர்க்கல்லில் கிழிபடும் என்ற பயம் எனக்கு உண்டு. உனக்கு மணல் கரைதானே, ஒன்றும் ஆகாது. நானாக இருந்தால் உனக்கு இதைத்தான் சொல்வேன். பட்டைப் படகு அடுத்ததாக இருக்கட்டும்.

எந்த வரைபடம் என்று முடிவானதும் எழுது. தையல் முறைதான் என்றால், அரைச் சுருள் செம்புக் கம்பி என்னிடம் மிச்சம் இருக்கிறது, அனுப்புகிறேன். அந்த ரேடியோவையும் சேர்த்து அனுப்பட்டுமா?

உன் பழைய கூட்டாளி