பயப்படுகிற நாளில்

பாளையங்கோட்டை,
ஜூலை 9

அன்புள்ள நண்பனுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. அன்றாடம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளும் நாம் கடிதம் எழுதி ஆறேழு வருடங்கள் இருக்கும். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே, போனில் சொல்ல முடியாத எதையோ எழுதியிருக்கிறாய் என்று தோன்றிவிட்டது. தங்கச்சிக்கு மேமோகிராமில் கட்டி தெரிந்திருப்பதையும், 18-ஆம் தேதி பயாப்சிக்கு நாள் குறித்திருப்பதையும் வாசித்தேன். அதைவிட என்னை உலுக்கியது கடைசிப் பக்கம்தான். இத்தனை வருடங்களாக ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் நின்ற நீ, இப்போது இரவு இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்துகொண்டு ஜெபிக்க வாய் வராமல் தவிப்பதாகவும், பயப்படுகிறவனுக்கு விசுவாசம் ஏது என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் உன் முகத்துக்கு நேரே கேட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனால் அவர் வீட்டில் இதுவரை யாருக்கும் பயாப்சி எடுத்ததில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு பைபாஸ் நடந்தபோது நான் தைரியமாக இருந்தேன் என்று உன் மதினி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உண்மையில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். முந்தின இரவு நெஞ்சை மழித்துவிட்டுப் போன பிறகு, ஒரு நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் பக்கத்தில் போட்ட கையெழுத்தும் மூன்றாம் பக்கத்தில் போட்டதும் ஒன்றுபோல் இல்லை என்று அவர் மெதுவாகச் சொல்லி, மறுபடியும் போடச் சொன்னார். 32 வருடங்கள் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கையெழுத்தையெல்லாம் சரிபார்த்தவன் நான். அன்று என் கையெழுத்தே எனக்கு வரவில்லை. விளக்கை அணைத்த பிறகு ஜெபிக்கப் பார்த்தேன். பாட்டி சின்ன வயதில் மனப்பாடம் செய்யவைத்த ஒரே ஒரு வரியைத் தவிர வேறொன்றும் நாவில் வரவில்லை: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

56-ஆம் சங்கீதத்தில் வரும் அந்த வரியை ஐம்பது வருடங்களாகச் சொல்லிவந்தும் அன்று இரவுதான் அதைக் கவனித்தேன். பயம் நீங்கிய நாளில் என்று அதில் இல்லை. பயப்படுகிற நாளில் என்றுதான் இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே அதே மனிதன் "நான் பயப்படேன்" என்றும் சொல்லிவிடுகிறான். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறவனைப் பொய்யன் என்று நம் ஜெபக்கூட்டத்து நண்பர் சொல்வாரோ என்னவோ. எனக்கு அவன் நம்மைப் போன்றவனாகவே தெரிகிறான்.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பில், காத் ஊரில் பெலிஸ்தர் தாவீதைப் பிடித்தபோது பாடியது என்று இருக்கிறது. காத் யாருடைய ஊர் என்று யோசித்துப் பார். தாவீது கொன்ற பெலிஸ்த வீரன் கோலியாத்தின் ஊர். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலுக்குத் தப்பி ஓடியவன், தான் வெட்டிச் சாய்த்த கோலியாத்தின் பட்டயத்தை நோப் ஊரிலிருந்த ஆசாரியனிடம் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே கோலியாத்தின் ஊருக்குள் போய் நிற்கிறான். பயம் ஒருவனை எவ்வளவு குழப்பும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். காத்தின் ராஜா ஆகீசின் ஊழியக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டபோது, அவன் மிகவும் பயந்தான் என்று வேதமே ஒளிக்காமல் எழுதுகிறது. பிறகு பைத்தியக்காரனைப் போல வாசற்கதவுகளில் கீறிக்கொண்டு, தாடியில் நுரை வழிய நின்று தப்பித்தான். அந்தத் தாடியோடு இருந்தவனின் வாயில்தான் நம் வரி வருகிறது.

அதே சங்கீதத்தில், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்றும் வருகிறது. துருத்தி என்றால் நான் வெகுகாலம் கொல்லன் பட்டறைத் துருத்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுமக்கும் தோல்பை என்று பிறகுதான் தெரிந்தது. வறண்ட தேசத்தில் தண்ணீர் வைக்கும் பையில் கண்ணீரைச் சேர்த்து வைக்கச் சொல்கிறான். இரவு இரண்டு மணிக்கு வார்த்தை வராமல் நீ அழுதிருந்தால், அது ஜெபக் கணக்கில் சேராமல் போகாது என்று நான் நம்புகிறேன்.

பயமெல்லாம் நீங்கிற்று என்று நன்றி சொல்லும் 34-ஆம் சங்கீதத்துக்கும் இதே சம்பவத்தைத்தான் தலைப்பாகக் குறித்திருக்கிறார்கள். அது எபிரெய மொழியில், நம் ஆத்திசூடியைப் போல, எழுத்து வரிசைப்படி அடுக்கப்பட்டது. அகர வரிசையில் பாட்டுக் கட்டுவதற்கு நிதானம் வேண்டும். அந்த நிதானம் அவனுக்குப் பிறகு வந்திருக்கிறது. 18-ஆம் தேதிக்கு முன்பே 34-ஆம் சங்கீதத்தைப் பாடிவிட வேண்டும் என்று உன்னை நீயே நெருக்காதே. முடிவு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நல்லதாகவே வரும், விசுவாசி என்று சொல்கிறவர்களைப் போல நானும் சொல்ல மாட்டேன்.

இங்கே ஆனிக் காற்று விடாமல் அடிக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். பேரன் ஒன்றாம் வகுப்புக்குப் போக இன்னும் தினமும் அழுகிறான். மதினி நேற்றிலிருந்து தங்கச்சியின் பேரைச் சொல்லித்தான் குடும்ப ஜெபம் செய்கிறாள்.

17-ஆம் தேதி இரவு ரயிலில் கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று போன் செய்யாதே. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே திகிலடைந்து, மூன்று பேரைக் கூட அழைத்துக்கொண்டு போய், விழித்திருங்கள் என்று கேட்டார். அந்த மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். பரீட்சைக்கு முந்தின இரவுகூட ஒன்பது மணிக்கே குறட்டை விட்ட உன் அறைத்தோழன் அவர்களைவிட மேலானவன் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தலை சாய்ந்தால், விலாவில் ஒரு குத்து விட்டு எழுப்பிவிடு. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நானே ஆட்டோ பிடித்து நேராக அங்கே வந்துவிடுகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்