குடும்பப் படம் எடுப்பவர்களே, அந்த டிரெஸ் பட்டியலை மாற்றி எழுதுங்கள்

இலையுதிர் காலத்தில் குடும்பப் படம் எடுத்துத் தரும் புகைப்படக் கலைஞர்களுக்கு,

வணக்கம்.

இலைகள் நிறம் மாறத் தொடங்கும் முன்பே உங்கள் தேதிகள் எல்லாம் நிரம்பிவிடுகின்றன. தேதி உறுதியானதும் எங்களுக்கு ஒரு பக்கம் வந்து சேரும். க்ரீம், துரு நிறம், கடுகு மஞ்சள், பாசிப் பச்சை எல்லாம் நல்லது. கறுப்பு வேண்டாம், எழுத்து போட்ட டி-ஷர்ட் வேண்டாம். எல்லோரும் ஒரே நிறத்தில் வராதீர்கள், ஆனால் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். யாரிடம் படம் எடுக்கப் போனாலும் இந்தப் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதை நீங்கள் மாற்றி எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பட்டியல் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு வழியும் சொல்லாமல் விட்டால் குடும்பமே வெள்ளைச் சட்டையும் ஜீன்ஸுமாக வந்து நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இப்போதைய பட்டியல் படத்தின் நிறத்தில் தொடங்கி ஆட்களிடம் வருகிறது. படத்தில் நிற்கப் போகிறவர்களில் தொடங்கி நிறத்துக்குப் போனால், வேலை உங்களுக்கும் எளிது, எங்களுக்கும் எளிது.

முதலில் பின்னணியையே எடுத்துக்கொள்வோம். ‘இலையுதிர் கால நிறங்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறீர்கள். எந்த மரம், எந்த வாரம் என்று சொல்வதில்லை. பகல் குறையக் குறைய மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைச் சிதைத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன. பிர்ச், கிங்கோ மரங்களின் மஞ்சள் அப்படி வருவதுதான். மேப்பிளின் சிவப்பு வேறு கதை. அதைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி முன்பே இருந்ததில்லை, பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் இலைக்குள் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி இல்லாத குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக வரும். மேகமும் மழையுமாக இருந்தால் மங்கிப் போகும். ஓக் மரங்களில் பலவும் கடைசியில் டானின் என்ற பழுப்புப் பொருள் மிஞ்சிப் பழுப்பாக நிற்கும். ஒரே பூங்காவில் இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பொன் மஞ்சள், மற்றதில் காய்ந்த பழுப்பு. இரண்டுக்கும் ஒரே டிரெஸ் எப்படிப் பொருந்தும்?

அந்த இடம் உங்களுக்கு நன்றாகத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. போன வருடம் அதே வாரத்தில், அதே நேரத்தில், அதே இடத்தில் எடுத்த ஒரு படத்தை அனுப்பிவிட்டால் போதும், பட்டியலில் பாதி தேவைப்படாது.

பட்டியலில் எப்போதும் முதலிடம் பிடிக்கும் துரு நிறமும் ஆரஞ்சும்தான் எனக்கு மிகவும் உறுத்துகின்றன. ஆரஞ்சு மரத்துக்கு முன்னால் ஆரஞ்சு ஸ்வெட்டர் போட்டு நின்றால் ஆள் மரத்தோடு கலந்துவிடுகிறார். முகமும் கைகளும் மட்டும் தனியாக மிதக்கும். அந்த இடத்தில் கருநீலமும் டெனிமும் சாம்பல் நீலமும்தான் ஆளை மரத்திலிருந்து பிரித்துக் காட்டும். ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம் என்பது நிறச் சக்கரத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு துணியை எவ்வளவு மாற்றிவிடும் என்பது துணிக்காரர்களிடமிருந்தே வந்த பாடம். பாரிஸில் சித்திரத் திரைகள் நெய்யும் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப்பட்டறைக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரோலிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கறுப்பு நூல் எந்த நிறத்தின் பக்கத்தில் நெய்யப்பட்டதோ, அந்த நிறம்தான் அதை மங்கலாகக் காட்டியிருந்தது. அதிலிருந்து அவர் வகுத்த நிற மாறுபாட்டு விதி 1839இல் வெளியானது. அலமாரிக்குள் அழகாகத் தெரிந்த பச்சைச் சட்டை மஞ்சள் மரத்தடியில் ஏன் வேறு மாதிரி தெரிகிறது என்பதற்கும் அதே விதிதான் பதில். எங்களைப் போன்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பட்டியல் எழுதும் நீங்கள் இதை விட்டுவிடலாமா?

வெளிச்சமும் சும்மா இருப்பதில்லை. வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதை நிறவெப்பம் என்று கெல்வினில் அளப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நடுப்பகல் வெயிலின் நிறவெப்பம் சுமார் 5500 கெல்வின். நீங்கள் விரும்பிக் கூப்பிடும் சாயங்கால நேரத்தில் அது 3500க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் க்ரீம் நிறம் மஞ்சளாகிவிடும். அதே க்ரீமைப் போட்டுக்கொண்டு மர நிழலுக்குள் நான்கு அடி நகர்ந்தால் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும். கீழே கொட்டிக் கிடக்கும் மஞ்சள் இலைகளும் ஒரு வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்புகின்றன. குழந்தையின் தாடைக்கு அடியில் படும் அந்த இதமான சாயல் அங்கிருந்து வருவதுதான். பளிச்சென்ற பச்சை, இளஞ்சிவப்பு டி-ஷர்ட் வேண்டாம் என்று நீங்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். அந்த நிறம் கழுத்திலும் கன்னத்திலும் ஏறிவிடும், பிறகு உட்கார்ந்து திருத்த வேண்டும். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் தெரிந்தால் வீட்டில் அடம்பிடிக்கும் பதின்வயதுப் பிள்ளைகூடக் கேட்டுக்கொள்ளும். வெறுமனே ‘வேண்டாம்’ என்றால் அதையேதான் போட்டுக்கொண்டு வரும்.

அடுத்தது, நான் மனதில் வைத்திருக்கும் முக்கியமான விஷயம். எல்லோருக்கும் க்ரீம், வெள்ளை, மணல் நிறம் என்று எழுதும்போது எந்தத் தோல் நிறத்தை நினைத்து எழுதுகிறீர்கள்? வெளிர் உடைகள் ஃபிரேமை நிறைத்தால் கேமராவின் தானியங்கி வெளிச்ச மீட்டர் மொத்தப் படத்தையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும், அதனால் வெளிச்சத்தைக் குறைக்கும். கறுத்த தோல் இருப்பவரின் முகம்தான் முதலில் இருண்டு போகும், கண்ணும் புருவமும் தெரியாது. முகம் தெரிய வெளிச்சத்தைக் கூட்டினால் சட்டை வெளுத்து மடிப்பெல்லாம் காணாமல் போகும். குடும்பத்தில் ஒருவர் மாநிறம், ஒருவர் நல்ல கறுப்பு, ஒருவர் வெளுப்பு என்று இருப்பது எங்கும் உள்ளதுதான்.

இந்தத் தொழிலுக்கு இது புதிய பிரச்சினையும் இல்லை. கோடாக் நிறுவனம் வண்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம்தான் இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அந்தத் தோல் சரியாக விழுந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. மற்றவர்களின் முகம் எப்படி விழுந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை. பல தோல் நிறங்கள் உள்ள அட்டை பின்னால்தான் வந்தது. 2022இல் கூகுள், சமூகவியலாளர் எல்லிஸ் மாங்கோடு சேர்ந்து பத்துப் படிகள் கொண்ட தோல் நிற அளவுகோலை வெளியிட்டது. கருவிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. டிரெஸ் பட்டியல் மட்டும் ஏன் அந்தப் பழைய அட்டையின் கணக்கிலேயே நிற்க வேண்டும்? மரகதப் பச்சை, கருநீலம், மெரூன், அடர் ஊதா என்று ஆழமான நிறங்களைத் தாராளமாகச் சேருங்கள். கறுத்த தோலில் அவை ஜொலிக்கும், இலைகளுக்கு முன்னால் எடுப்பாகவும் தெரியும். படம் எடுக்கும்போது முகத்தைப் பார்த்து வெளிச்சம் வையுங்கள்.

அப்புறம், யார் டிரெஸ்ஸை முதலில் முடிவு செய்வது? வழக்கமாக அம்மா தனக்கு ஒன்றை எடுத்துவிட்டு மற்றவர்களை அதற்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள் என்று ஆலோசனை வருகிறது. என் அபிப்பிராயம் வேறு. உடுத்துவதில் யாருக்குச் சிரமம் அதிகமோ அவருக்குத்தான் முதல் உரிமை. சட்டையின் பின்கழுத்து லேபிள் உறுத்தினாலே அழுதுவிடும் குழந்தை, பால் கொடுக்கும் தாய், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், பொத்தான் போட விரல் ஒத்துழைக்காத தாத்தா. அந்த ஒருவர் தினமும் விரும்பிப் போடும் உடை எதுவோ, அதிலிருந்து நிறத்தை எடுங்கள். பாட்டியின் பழைய மெரூன் ஸ்வெட்டரின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மெரூன், சாம்பல், அதோடு ஒரு கருநீலம், முடிந்தது விஷயம். ஒருவருக்கு டெனிம் சட்டை, ஒருவருக்குச் சாம்பல் கார்டுராய் பேன்ட், சின்னவனுக்கு மெரூன் சாக்ஸ். யாரும் சீருடை போட்ட மாதிரி இருக்காது, ஆனால் ஒரு வீட்டு ஆட்கள் என்று தெரியும். பாட்டியும் புதுத் துணிக்குள் விறைத்து உட்காராமல் தன் ஸ்வெட்டரில் தானாக இருப்பார்.

சரி, சேருமா சேராதா என்று எப்படிப் பார்ப்பது? எல்லோருடைய உடைகளையும் கட்டிலில் நெருக்கமாகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில், விளக்கை அணைத்துவிட்டு போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். அப்புறம் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் படம் சப்பென்று இருக்கும். ஒரே ஒரு உடை மட்டும் வெள்ளைத் திட்டாகத் துருத்திக்கொண்டு நின்றால் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்றும் கலந்து தெரிந்தால் நன்றாக வரும். பெரிய நிறக் கணக்கு தெரியாதவர்களும் இதைச் செய்துவிடலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் உதவி. நிறத்தின் பெயரைச் சொல்லி வாதிடாமல் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசலாம். உங்கள் பக்கத்தில் இந்த ஒரு முறையைச் சேர்த்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமரா சென்சாரின் பிக்சல் வரிசையோடு மோதி அலை அலையாகத் தெரியும் என்பதையும், பாலியஸ்டர் பளபளப்பைவிடப் பின்னல் துணியும் கம்பளியும் சாய்ந்த வெயிலில் அழகாக விழும் என்பதையும் தலா ஒரு வரியில் எழுதிவிடலாம். பெரிய கட்டம் போட்ட உடை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். செருப்பு, ஷூவையும் நினைவுபடுத்துங்கள், முழு உயரப் படத்தில் அவையும்தான் தெரியும். குளிரை மறக்கவே மறக்காதீர்கள். சூரியன் இறங்கியதும் குழந்தைகளின் மூக்கு சிவந்துவிடும், உதடு வெளுத்துவிடும், சிரிப்பு நின்றுவிடும். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கச் சொல்வதற்குப் பதிலாக, கோட்டும் சேர்த்தே நிறம் பாருங்கள் என்று முன்கூட்டியே சொன்னால் நன்றாக இருக்கும்.

செலவு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டியலைப் பார்த்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது கடைக்குப் போவதுதான். நான்கைந்து பேருக்குப் புதுத் துணி, அதிலும் குழந்தைகளுக்கு அடுத்த பருவத்தில் பத்தாது. படம் எடுக்க உங்களுக்குக் கொடுப்பதைவிட உடைக்கு அதிகம் போய்விடும் என்று பயந்து, இந்த வருடம் வேண்டாம் என்று ஒதுங்கிவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. ‘புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்’ என்ற வரி உங்கள் பக்கத்தின் முதல் வரியாக இருந்தால், அப்படி ஒதுங்குகிறவர்களில் சிலராவது படம் எடுக்க வருவார்கள். கட்டிலில் பரப்பிய படம்தான் ஏற்கெனவே போனில் இருக்கிறதே. அதை ஒரு நிமிடம் பார்த்து, ‘அந்த வெள்ளைச் சட்டைக்குப் பதில் நீலம் இருக்கிறதா?’ என்று கேட்டால் போதும்.

ஒரு கூடையில் சாம்பலிலும் கருநீலத்திலும் இரண்டு சால்வை, பெரியதாக ஒரு பின்னல் ஸ்வெட்டர் என்று நீங்களே கொண்டுவந்து வைக்க முடியுமானால் இன்னும் நல்லது. கடைசி நேரத்தில் சட்டையில் எதையாவது கொட்டிக்கொள்ளும் குழந்தைக்கும் ஆகும், எழுத்து போட்ட டி-ஷர்ட்டோடு வந்துவிட்டவருக்கும் ஆகும்.

இந்தப் பருவத்துக்கான பக்கத்தை அனுப்பும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். போன வருடப் படத்தைச் சேருங்கள், எந்த மரத்தடி என்று எழுதுங்கள், ஆழமான நிறங்களுக்கு இடம் கொடுங்கள். முடிவு செய்ததும் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், துணிகளைப் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
குடும்பப் படத்துக்கு எல்லோருக்கும் உடை எடுத்து வைக்கும் ஒரு தாய்