மாத்திரைப் பெட்டியில் அரசு முத்திரை: பிரிட்டன் மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். லண்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வரும். தமிழில் போடுவது, கடைக்கு வரும் நம்மவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

கேட்பது ஒரே ஒரு விஷயம். மூலிகை மருந்துப் பெட்டியில், பாரம்பரிய மூலிகை மருந்தாகப் பதிவானது என்று காட்டும் உங்கள் டி.எச்.ஆர். முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதே பக்கத்தில், அதே அளவில், "இந்த மருந்து குணப்படுத்தும் என்பது சோதனை மூலம் நிரூபிக்கப்பட்டதல்ல" என்று ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள்.

ஒரு வரிக்கா இத்தனை பெரிய மடல் என்று கேட்கலாம். முத்திரையை ஒட்டிவிட்டு அதன் பொருளை வாங்குகிறவனின் ஊகத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அதுவும் 158 வருஷம்.

1783இல் மருந்து முத்திரை வரி வந்தது. பின்னாளில் ஒரு ஷில்லிங் (12 பென்னி) மருந்துக்கு வரி ஒன்றரைப் பென்னி. விக்டோரியா காலத்து விளம்பரங்களில் விலையெல்லாம் "1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி" என்று விசித்திரமாக இருப்பது இதனால்தான். வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு நீளச் சீட்டைப் பெட்டியின் மூடிமேல் குறுக்காக ஒட்டுவார்கள். அதைக் கிழிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது. உள்ளே இருப்பது என்ன என்று அந்தச் சீட்டு விசாரித்ததே இல்லை. இன்ன நோய் தீரும் என்று விளம்பரம் செய்தால் வரி, செய்முறை இரகசியம் என்றால் வரி. ஊரறிந்த சாதாரண மருந்தை, எந்தப் பெருமையும் பேசாமல் மருந்துக்கடைக்காரர் விற்றால் வரி இல்லை. ஆக, யார் அதிகம் பீற்றிக்கொண்டாரோ அவருக்குத்தான் அரசு முத்திரை!

வாங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வியாபாரிகளும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. அரசு முத்திரையில் எங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் போலி என்று விளம்பரத்திலேயே எழுதினார்கள். அப்புறம் 1880களில் "இந்த முத்திரை அரசின் உத்தரவாதம் அல்ல" என்ற வாசகத்தை முத்திரையிலேயே சேர்த்தார்கள். அதனால் விற்பனை குறைந்ததா? 1908 மார்ச்சில் முடிந்த ஒரே வருஷத்தில் 4 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளும் புட்டிகளும் முத்திரையோடு போயின. கருவூலத்துக்கு 3 லட்சம் பவுண்டுக்கு மேல் வரும்படி.

அந்தப் பெட்டிகளுக்குள் என்னதான் இருந்தது? பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். தாமஸ் பீச்சம் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஆடு மேய்த்தவர். செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் தொழிலை நிறுவி, "பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்" என்ற விளம்பர வரியால் உலகம் முழுக்க விற்றார். வாயு, தலைவலி, தலைச்சுற்றல், சாப்பிட்டபின் வயிறு உப்பல், குளிர் நடுக்கம், பசியின்மை, மூச்சிரைப்பு, மலச்சிக்கல், தோலில் தடிப்பு, தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள். இத்தனைக்கும் அது மருந்தாம். முதல் வேளையிலேயே இருபது நிமிடத்தில் குணம் தெரியுமாம். 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மாத்திரையைப் பகுத்துப் பார்த்து வெளியிட்டது. கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கரியபோளம், இஞ்சி, சோப்பு. அவ்வளவுதான். 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்க விலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலை அதைப்போல நூறு மடங்குக்கு மேல்.

கரியபோளம் சாப்பிட்டால் பேதியாகும். இதில் பொய் ஒன்றுமில்லை. நாலு நாள் மலச்சிக்கலில் தவித்தவருக்குத் தலைவலியும் உப்பலும் சேர்ந்தே போயிருக்கும். அவர் மனமாரத்தான் நற்சான்றுக் கடிதம் எழுதியிருப்பார். அதற்காகப் பயங்கரக் கனவுக்கும் அதுவே மருந்து என்றால் எப்படி?

அந்த ஜனங்களை முட்டாள்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கால டாக்டரிடம் போனால் ரத்தத்தை இறக்குவார், இல்லையென்றால் கேலோமெல் என்ற பாதரச உப்பைக் கொடுப்பார். பல் ஆடும், ஈறு புண்ணாகும். அந்த நேரத்தில் ஜேம்ஸ் மோரிசன் வந்து, என்னுடையது "வெஜிடபிள்" மாத்திரை, தாதுப்பொருள் எதுவும் இல்லை என்றால் யார்தான் அந்தப் பக்கம் சாயமாட்டார்கள்? எல்லா நோய்க்கும் காரணம் கெட்ட ரத்தம், எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்பது அவர் சித்தாந்தம். லண்டனில் "பிரிட்டிஷ் ஆரோக்கியக் கல்லூரி" என்று கம்பீரமான பெயரில் கடை நடத்தினார். மாத்திரையில் இருந்ததோ கரியபோளம், பேய்க்குமட்டி, கம்போஜ் என்ற மஞ்சள் பிசின். எல்லாம் செடிகொடிதான், எல்லாம் கடும் பேதிச் சரக்கும்தான். அளவுக்கு மீறி விழுங்கிய ஒருவர் இறந்துபோக, 1836இல் நீதிமன்றம் மாத்திரை விற்ற ஏஜெண்டைக் குற்றவாளி என்றது. மோரிசனின் வியாபாரம் அதற்குப் பிறகும் நடந்தது.

1912இல் நாடாளுமன்றம் ஒரு குழு போட்டு இரண்டு வருஷம் விசாரித்தது. அறிக்கை வெளியான தேதி 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் போரில் இறங்கியது, அறிக்கையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முத்திரை வரி ஒழிந்தது 1941இல்.

சரி, இப்போது உங்கள் விஷயம். டி.எச்.ஆர். பதிவுக்குத் தரம் காட்ட வேண்டும், பாதுகாப்பு காட்ட வேண்டும். குணம் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 30 வருஷம் மருந்தாகப் பயன்பட்டது என்று காட்டினால் போதும். இந்த இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. பீச்சம் மாத்திரை 1998 வரை விற்பனையில் இருந்தது. 30 வருஷம் என்ன, 150 வருஷப் பயன்பாட்டைக் காட்டியிருப்பார்கள். பலர் பலகாலம் வாங்கினார்கள் என்பதற்கு மேல் அது எதை நிரூபிக்கும்?

உங்கள் வேலையைக் குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. சார்லஸ் ஹென்றி ஸ்டீவன்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நுரையீரல் நோயோடு 1897இல் தென்னாப்பிரிக்கா போனவர், அங்கே ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த வேரால் பிழைத்தேன் என்று திரும்பிவந்து, அதைக் காசநோய் மருந்தாக இங்கிலாந்தில் விற்றார். மருத்துவச் சங்கம் அதை மோசடி என்று எழுத, வழக்குப் போட்டார். 1912இல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, 1914இல் தோற்றார். அவர் சொன்ன வேர் பெலார்கோனியம் என்ற செடியின் வேர். இன்று அதே வேர், சளி இருமலுக்கு என்று, உங்கள் பதிவு எண்ணோடு எங்கள் அலமாரியில் இருக்கிறது. காசநோய் என்ற பேச்சே பெட்டியில் இல்லை. செடியை விட்டுவைத்து வாயை மட்டும் கட்டியிருக்கிறீர்கள். இதைச் செய்ய விக்டோரியா காலத்து அரசுக்குத் தெம்பு இருந்ததில்லை. சின்ன உபாதைகளுக்கு மட்டும்தான் பதிவு என்ற உங்கள் விதியை நான் மதிக்கிறேன்.

ஆனால் கடையில் நடப்பது வேறு. "தம்பி, இதில கவர்மென்ட் முத்திரை இருக்குதானே, அப்ப நல்ல மருந்துதானே?" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டிக் கேட்கிறார்கள். "நெடுநாள் பயன்பாட்டை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது" என்ற வாசகம் பெட்டியில் இருக்கிறதுதான். அதைப் படிப்பவர்களும் "நெடுநாளா இருக்கிற மருந்தாம்" என்று கூடுதலாக நம்புகிறார்கள். எச்சரிக்கையாக நீங்கள் எழுதியதை அவர்கள் சிபாரிசாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வாசகத்தை இன்னும் பெரிதாக்குவதில் பயனில்லை. "நிரூபிக்கப்பட்டதல்ல" என்ற சொல்லே பெட்டியில் வர வேண்டும்.

கம்பெனிகள் எதிர்க்கும், தெரியும். விற்பனை அடிபடும் என்பார்கள். சாமானுக்குக் குணம் இருந்தால் சோதனை நடத்திக் காட்டி அந்த வரியை எடுத்துவிடலாமே. அதற்கு முழு மருந்து உரிமம் என்ற வழி இப்போதே திறந்துதான் இருக்கிறது.

பதில் எழுதினால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தமிழில் நான் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லண்டன் மருந்துக்கடை ஊழியர் ஒருவர்