பகல் லைட்டு ராத்திரியில எதுக்கு எரியுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இப்ப பழைய காருக்கெல்லாம் டிஆர்எல் வாங்கி மாட்டுறாங்க, அதாங்க பகல்ல முன்னாடி வெள்ளையா எரியுமே அது. மாட்டுறது நல்லதுதான், வண்டி வர்றது தூரத்துலயே தெரியும், ஸ்வீடன்ல 1977லயே பகல்லயும் லைட் போட்டுத்தான் ஓட்டணும்னு சட்டம் வந்துடுச்சு, ஐரோப்பாவுல 2011லேர்ந்து புது மாடல் கார்னா டிஆர்எல் இருந்தே ஆகணும். ஆனா அது எப்ப எரியணும் எப்ப அணையணும்னு மாட்டுறவங்களும் யோசிக்கறதில்ல, மாட்டிக்கறவங்களும் கேக்கறதில்ல.

என் கதைய கேளுங்க. எலக்ட்ரீஷியன் மொதல்ல பேட்டரிலேர்ந்து நேரா வயர் இழுத்து ஒரு சுவிட்ச் வச்சு குடுத்தாரு, ரெண்டு தடவ அணைக்க மறந்துட்டேன், ரெண்டு தடவயும் காலைல வண்டி ஸ்டார்ட் ஆகல. திரும்ப போனா, அதை பார்க்கிங் லைட் வயரோட சேத்து முறுக்கி விட்டுட்டாரு. அப்புறம் என்ன, பகல்ல எரிய வேண்டியது ராத்திரி மட்டும் எரியுது! ஐநா விதிப்படி டிஆர்எல் வெளிச்சம் 400லேர்ந்து 1200 கேண்டெலா வரைக்கும் இருக்கலாம், வெயில்லயே தெரியணும்னு வச்சது அது, இருட்டுல எதிர்ல வர்றவனுக்கு கண்ணு கூசாம என்ன செய்யும்.

கடைசில நானே உக்காந்து ரிலே (ஒரு வயர்ல கரண்ட் வந்தா இன்னொரு லைனை தானா மாத்தி விடுற சின்ன சுவிட்ச்) வச்சு சரி பண்ணேன். இக்னிஷன் போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஃப்யூஸ்லேர்ந்து 30ஆம் பின்னுக்கு, 87ஏலேர்ந்து (ரிலே இழுக்காதப்ப 30ஓட சேந்திருக்கற பின்) டிஆர்எல்லுக்கு, பார்க்கிங் லைட் வயர் 86க்கு, 85 பாடில எர்த், அவ்ளோதான். சாவி போட்டா எரியும், பார்க்கிங் லைட்டோ ஹெட்லைட்டோ போட்டா ரிலே இழுத்து தானா அணைஞ்சிடும். ரிலே வாங்கும்போது நடு பின்ல 87ஏன்னு போட்டிருக்கான்னு பாருங்க, சிலதுல அஞ்சு பின் இருந்தாலும் ரெண்டுமே 87ஆ இருக்கும், அது இதுக்கு ஆகாது (நான் மொதல்ல வாங்குனது அதான்). ரெடிமேட் பாக்ஸும் கிடைக்குது, இன்ஜின் ஓடுனா பேட்டரி வோல்டேஜ் 13க்கு மேல ஏறும்ல, அத பாத்து எரிய விடும், ஆனா சில புது கார்ல பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட வோல்டேஜை கம்ப்யூட்டரே கொறைச்சிடும், பாக்ஸ் இன்ஜின் நின்னுடுச்சுன்னு நெனச்சு லைட்டை விட்டு விட்டு அணைக்கும்.

இன்னொன்னு, இது கம்பெனிலேர்ந்தே டிஆர்எல்லோட வர்ற காருக்கும்தான். நெறைய கார்ல டிஆர்எல் எரிஞ்சா பின்னாடி லைட் எரியாது. சாயங்காலம் மங்குற நேரம், இல்ல நல்ல மழை, முன்னாடி வெளிச்சம் தெரியுது, மீட்டரும் பளிச்னு இருக்கு, ஹெட்லைட் போட்டாச்சுன்னு நெனச்சே ஓட்டிட்டு போறாங்க, பின்னாடி வர்றவனுக்கு அங்க கார் இருக்கறதே தெரியாது. உங்க வாகன பக்கத்துல இதை ஒரு படம் போட்டு விளக்குனா புண்ணியமா போகும்.

போன வாரம் மழைல அப்படி ஒரு காருக்கு பின்னாடி மாட்டுனேன். ஹார்ன் அடிச்சேன், லைட் அடிச்சு காட்டுனேன், அவரு நான் வழி கேக்கறேன்னு நெனச்சு ஓரமா ஒதுங்கி போங்கன்னு கை காட்டுறாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்