தேக்குத் தூண்களில் ஆற்று மணல் வீச்சு: இழப்பீடு கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், மேற்பரப்புச் சுத்திகரிப்புப் பணி நிறுவனம், திருநெல்வேலி.

பொருள்: மதிப்பீட்டுக்கு மாறாக மணல் வீசி மரவேலைப்பாடுகளைச் சேதப்படுத்தியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் பூர்விக வீட்டின் ஜன்னல் கம்பிகளையும் இரும்பு அழிக்கதவையும் சாண்ட் பிளாஸ்டிங் முறையில் (அழுத்தக் காற்றால் துகளை வீசித் துருவை எடுப்பது) சுத்தம் செய்யவும், முற்றத்தைச் சுற்றியுள்ள தேக்குத் தூண்களிலும், அவற்றின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் செதுக்கிய போதிகைகளிலும் இருந்த பழைய எனாமல் பூச்சைக் கையால் சுரண்டி உப்புத்தாள் போட்டு எடுக்கவும் தங்கள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. இரும்புக்குக் கார்னெட் என்னும் கனிமத் துகள் மட்டுமே பயன்படுத்தப்படும் என்று தாங்கள் கையெழுத்திட்ட மதிப்பீட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் நாங்கள் ஒரு திருமணத்திற்காக வெளியூர் சென்றிருந்த வேளையில், தங்கள் ஆட்கள் சாதாரண ஆற்று மணலை இயந்திரத்தில் நிரப்பி, இரும்புக்கு வைத்த அதே அழுத்தத்தில் தூண்களையும் அடித்து முடித்துவிட்டார்கள்.

தேக்கின் ஆண்டு வளையங்களில் மென்மையான பகுதியும் கடினமான பகுதியும் அடுத்தடுத்து வருவதால், வேகமாக மோதும் மணல் மென்மையானதை அரித்துவிட்டுக் கடினமானதை அப்படியே விட்டுவிடும். தலைமுறைகளாக எண்ணெய்க் கை பட்டு வழவழத்திருந்த எங்கள் தூண்கள் இன்று வரிவரியாகப் புடைத்து நிற்கின்றன; போதிகைகளின் வாழைப்பூ முனைகள் மழுங்கிவிட்டன. இன்னொரு முறை உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும் என்று தங்கள் மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னதை நான் ஏற்கவில்லை. 80 ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180 என்று மர ரேகையின் போக்கிலேயே தேய்ப்பது நல்ல மரத்துக்கு ஏற்ற முறைதான். ஆனால் இப்போது பள்ளங்களின் அடிமட்டம் வரை தேய்த்தால்தான் மேற்பரப்பு சமமாகும் என்பதால், செதுக்கலில் மிஞ்சியிருப்பதும் அந்தத் தேய்ப்பில் போய்விடும். போன மரத்தை எந்த ஆசாரியாலும் திரும்ப வைக்க முடியாது.

இரும்பு வேலையும் முறையாக நடக்கவில்லை. சாரல் விழும் ஆனி மாதத்தில், துரு நீக்கிய கம்பிகளுக்கு அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்காமல் விட்டுச் சென்றதால் அவை மறுபடியும் செந்துரு பிடித்திருக்கின்றன.

இவற்றைவிட என்னை அதிகம் வருத்துவது தூசி. ஆற்று மணல் பெரும்பாலும் சிலிக்கா. அது உடைந்து பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கினால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. அதனால்தான் பிரிட்டன் 1949 ஆம் ஆண்டு விதிகளிலேயே இப்பணியில் மணலைத் தடை செய்தது. நம் நாட்டின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் அந்நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. அப்படியிருக்க, தங்கள் ஆட்கள் முகத்தில் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்ததை அடுத்த வீட்டார் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தவர்களில் இருவர் இருபது வயதைக்கூடத் தாண்டாத பிள்ளைகள். தார்ப்பாய் மறைப்பு கட்டாததால், அடுத்த வீட்டு அம்மா வெயிலில் காய வைத்திருந்த அப்பளம் முழுவதும் தூசி படிந்து வீணாயிற்று.

வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் தூண்களின் பூச்சு அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. அதில் ஈயம் உள்ளதா என்று சோதிக்காமலேயே அடித்துப் பெயர்த்த கழிவு மணலைத் தங்கள் ஆட்கள் கன்னடியன் கால்வாய்க் கரையில் கொட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது.

ஆகவே, மரவேலைக்காகப் பெற்ற தொகை முழுவதையும் திருப்பித் தருவதோடு, நான் தேர்ந்தெடுக்கும் ஆசாரி போதிகைகளைச் சீர்செய்ய ஆகும் கூலியையும் தாங்கள் ஏற்க வேண்டும். கம்பிகளை மீண்டும் துரு நீக்கி அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். அப்பளத்திற்குரிய பணத்தை அந்த அம்மாவிடம் நேரில் கொடுத்து, கால்வாய்க் கரையில் கிடக்கும் கழிவை உடனே அள்ள வேண்டும். வேலை செய்த அந்த ஆட்களுக்கு நிறுவனச் செலவில் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்குமாறும், இனி எந்த வீட்டிலும் மணலை வீசாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். மதிப்பீட்டின் நகலும், தூண்களின் முந்தைய, தற்போதைய நிலையைக் காட்டும் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்