பாலத்தை மூடியபோது நான் மட்டும் மகிழ்ந்தேன்

ஸ்ரீரங்கம்

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். போனில் பேசினால் வழக்கம்போல் சமாளித்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நான் கார் ஓட்டுவதை நிறுத்தியதற்குக் கண் மங்கியது காரணமில்லை. நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய சொட்டு மருந்து பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. காரணம் பயம். 2021இல் காவிரிப் பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு பையன் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தான். பிரேக்கை மிதித்தேன். அவன் தலைக்கும் என் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். அவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் அங்கிருந்து கிளம்ப முடியவில்லை. பின்னால் பஸ்காரர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். அதற்குப் பிறகு சாவியை எடுத்தாலே உள்ளங்கை வேர்த்தது. 2022 செப்டம்பரில் பழுதுபார்க்கப் பாலத்தை மூடினார்கள் அல்லவா, சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று ஊரே அலுத்துக்கொண்டது. நான் மட்டும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். உன்னை அழைக்க விமான நிலையத்துக்கு வராமலிருக்க ஒரு சாக்கு கிடைத்ததே!

இந்த வருடம்தான் ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனேன். உன்னைவிடச் சின்னப் பெண். ஒவ்வொரு பயத்துக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்லி, ஏணிபோல் கீழிருந்து மேலாக எழுத வைத்தாள். ஜோசப் வோல்ப்பே என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர், ஒரு கூண்டில் மிரண்டுபோன பூனைகளுக்கு முதலில் வேறு அறையில் சாப்பாடு வைத்து, மெல்ல மெல்ல அந்தக் கூண்டுக்கே கொண்டுவந்தாராம். 1958இல் அதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். ஆக, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பூனையானேன்.

முதல் படி, நிற்கும் காரில் எஞ்சினைப் போடாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமி கண்ணாடியைத் தட்டி, "வீட்டில் ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்.

பிறகு விடிகாலையில் அம்மா மண்டபம் சாலை, அப்புறம் மாம்பழச் சாலை. அப்பா பக்கத்தில் இருந்தால் ஓட்டிவிடுவேன். அதைக் கண்டுபிடித்து அவரை இறக்கிவிட்டாள். வாயில் அடக்கிக்கொள்ளும் ஏலக்காய்க்கும் தடை. அவை இருந்தால், பிழைத்தது அவற்றால்தான் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளுமாம். அந்த ஏலக்காய் விஷயத்தில் அவள்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம்தான்.

பாலத்துக்கு 90 போட்டிருந்தேன். முதல் முறை நடுப்பாலத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. "ஓரம் கட்டாதீர்கள், தானாக இறங்கும், ஓட்டுங்கள்" என்றாள். சிந்தாமணியில் திரும்பி மறுபடியும் பாலம். அன்று ஆறு முறை. நான்காவது முறைதான் மலைக்கோட்டை கண்ணில் பட்டது. அதுவரை முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஆறாவது முறை 40 போட்டேன்.

கடைசிப் படி சமயபுரம் நெடுஞ்சாலை, லாரிகளுக்கு நடுவே. அதற்கு இப்போது 70. புதன்கிழமை தனியாகப் போகிறேன். ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவதாக அப்பா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா